தம்பி தானாகச் சொன்னது

நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் வின்டர்தூர் நகரில், எங்கள் வீட்டில் ஒரு ஞாயிறு மத்தியானம் நடந்தது இது. ஹெரோயின் பழக்கத்துக்குச் சிகிச்சை பெற்றுத் திரும்பிய தம்பி என்னோடு தங்கியிருந்தான். தொலைக்காட்சியில் பழைய கறுப்பு வெள்ளை ஹொலிவூட் படமொன்று ஓடியது. சிகிச்சை முடிந்து ஊர் திரும்பும் ஒருவன் மறுபடியும் ஊசியைத் தேடிப் போகும் கதை. சானலை மாற்றப் போனேன்.

"விடுங்கோ அக்கா, பாப்பம்" என்றான்.

படத்தில் அந்த மனிதன் சட்டைக் கையை மடித்தபோது, தம்பி திரையைப் பார்த்தபடியே சொன்னான்: "நானும் திரும்ப எடுத்திட்டன் அக்கா. போன கிழமை."

இதற்கு முன்பும் அவன் இப்படி விழுந்திருக்கிறான். அப்போதெல்லாம் அவனுடைய சட்டைப்பைகளைத் துழாவி நானேதான் கண்டுபிடித்தேன். கத்தினேன், அழுதேன். அன்று கத்தவும் தெம்பில்லை. உணவகச் சமையலறையில் வாரம் முழுக்க நின்று கால்கள் வீங்கியிருந்தன.

"ஏனடா இப்ப சொல்லுறாய்?"

"உங்களிட்ட ஒளிச்சு ஒளிச்சுக் களைச்சுப் போனன். நாளைக்குக் கிளினிக்குக்குப் போகவேணும். கூட வாறியளோ?"

நானும் களைத்துத்தான் போயிருந்தேன். அதை அவனிடம் சொல்லவில்லை.

"ஓம், வாறன்" என்றேன்.

மறுநாள் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். இன்னமும் சிகிச்சையில்தான் இருக்கிறான். இனி எடுக்கமாட்டான் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. எடுத்தால் என்னிடம் வந்து சொல்வான் என்று மட்டும் நம்புகிறேன். அது போதுமா, தெரியவில்லை. இப்போதைக்கு அந்த நம்பிக்கையோடுதான் வேலைக்குப் போய் வருகிறேன்.