திறக்காத ஒரே கதவு

நெய்வேலி நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் மண் அள்ளும் கான்ட்ராக்ட் கூலியாகத்தான் நான் தொடங்கினேன். மூன்றாம் வகுப்போடு படிப்பு சரி. இன்றைக்கு முத்தாண்டிக்குப்பம் சாலையில் இருக்கும் முந்திரிக் கொட்டகை என்னுடையது. மாடி வீடும் என்னுடையது. தண்ணீரே கிடைக்காது என்று மூன்று பேர் சொன்ன இடத்தில் போர் போட்டுத் தண்ணீர் எடுத்தவன் நான். புயலில் பறந்த கூரையை ஒரே மாதத்தில் திரும்பப் போட்டேன். நெய்வேலியில் பர்மனெண்ட் ஆட்கள் ரிட்டயரானதும் கம்பெனி குவார்ட்டர்ஸ் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். நான் கட்டியது நிற்கும்.

கொட்டகையில் கொட்டை உடைப்பவர்கள் எல்லோரும் பெண்கள். எங்கள் ஊர்த்தெருப் பெண்கள் இடப்பக்கம் ஒரு வரிசை, காலனிப் பெண்கள் வலப்பக்கம் ஒரு வரிசை. அப்படி உட்கார வைத்தால் சண்டை வராது என்று நினைத்தேன். பிறகு அகதி முகாமிலிருந்து ஓர் இலங்கைக்காரப் பெண் வேலை கேட்டு வந்தாள். அங்கே நடந்த சண்டையில் புருஷனைப் பறிகொடுத்தவள். அவளை எந்த வரிசையில் சேர்ப்பது என்று தெரியாமல் நடுவில், தராசுக்குப் பக்கத்தில் போட்டேன். உடைத்த பருப்பை இரண்டு வரிசையும் அவளிடம்தான் கொண்டுவர வேண்டும்.

போன ஐப்பசியில் டீக்கடை வாசலில் பைக் உரசியதில் வாய்ச்சண்டை. என் தம்பி மகன் காலனி இளைஞன் ஒருவனைக் குத்திவிட்டான். ஷிஃப்ட் முடிந்து வந்தவன் யூனிஃபார்மோடு செத்தான். அவன் அம்மா என் வலது வரிசையில் இருந்தவள். குத்தியவன் அம்மா, என் தம்பி மனைவி, இடது வரிசை.

அன்றைக்கே காலனியில் இரண்டு கூரைகள் எரிந்தன. எங்கள் தெருவில் ஒரு வைக்கோல் போர் எரிந்தது. நான் கொட்டகையைப் பூட்டினேன். மறுநாள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து உடல் வந்தது. காலனிப் பிணங்கள் ஏரிக்கரை வழியாகப் போகும். மழையில் கரை உடைந்து கிடந்ததால், சுடுகாட்டுக்கு எங்கள் தெருவை விட்டால் வழியில்லை. விடமாட்டோம் என்று எங்கள் ஆண்கள் கல் குவித்தார்கள். இன்னொரு உயிர் போகும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இலங்கைக்காரப் பெண் என் வாசலுக்கு வந்து கொட்டகைச் சாவியைக் கேட்டாள். எதற்கு என்றேன்.

"எங்கட ஊரிலயும் இப்பிடித்தான் ஐயா, ஆரின்ர சவம் எந்த வழியால போறது எண்டு சண்டை பிடிச்சவை. பிறகு தூக்கிறதுக்கே ஆக்கள் இல்லாமப் போச்சு."

கொடுத்தேன். அவள் கூப்பிட, இரண்டு தெருப் பெண்களும் ஒவ்வொருவராகக் கொட்டகைக்கு வந்தார்கள். யாரும் வரிசை பார்த்து உட்காரவில்லை. என்ன பேசினார்களோ, நான் வெளியே நின்றேன். வெளியே வரும்போது முடிவோடு வந்தார்கள். ஊர்த்தெருப் பெண்கள் அவரவர் வீட்டு ஆண்களுக்கு முன்னால் தெருவோரம் நிற்பது. கல் விழுந்தால் முதலில் தங்கள் மேல் விழட்டும் என்றார்கள்.

பிணம் கடக்கும்போது கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பதும், போனபின் சாணி தெளிப்பதும்தான் எங்கள் பெண்களின் வழக்கம். அன்று கதவுகள் திறந்து கிடந்தன. முதல் ஆளாக நின்றவள் என் தம்பி மனைவி.

"நீயே போய் கொள்ளி வச்சிட்டு வந்துடேன்" என்றான் ஒருவன்.

"எம் புள்ளயால போவுது. நான் பாத்துக்கினுதான் நிப்பேன். எறியறதுன்னா எறி."

பாடை அவளைக் கடந்தது. செத்தவன் அம்மா பின்னால் நடந்து வந்தாள். இவளை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கல்லும் விழவில்லை.

ஆனால் அதே நேரத்தில் என் தம்பி கடப்பாரையோடு தன் வீட்டிலிருந்து வெளியே வரப் பார்த்தான். அவனை உள்ளே தள்ளி வெளித்தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுக் கதவில் முதுகை முட்டுக் கொடுத்து உட்கார்ந்தேன். தெருவில் சாத்தியிருந்த ஒரே கதவு அது. அவன் உள்ளேயிருந்து இடித்த இடியில் என் முதுகு ஒரு வாரம் வலித்தது.

"தொற. இல்லன்னா இனிமே எனக்கு அண்ணன் கிடையாது."

நான் திறக்கவில்லை. அவனும் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறான்.

செத்தவன் அம்மா வேலைக்குத் திரும்பவில்லை. அவள் இடத்தில் யாரையும் நான் உட்கார வைக்கவில்லை. மற்றவர்கள் இப்போது கலந்து உட்காருகிறார்கள். எங்கே சச்சரவு என்றாலும் தெருவுக்கு ஒருத்தியாக இரண்டு பேர் போய்ப் பேசித் தீர்க்கிறார்கள். அதிகாரிகள் வந்து பெண்களுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஊராட்சி அலுவலகத்தில் அந்தப் பெண்களின் பெயர்களை எழுதிப் பலகை மாட்டியிருக்கிறார்கள். என் பெயர் அதில் இல்லை.

தராசுக்குப் பக்கத்தில் அவளை உட்கார வைத்தது நான். சாவி கொடுத்தது நான். இவற்றை விட்டாலும் விடுங்கள், அந்தக் கதவை விடாதீர்கள். அன்று எனக்கு இருந்தது ஒரே தம்பி. அந்தப் பலகையில் பெண்கள் பெயருக்கெல்லாம் கீழே, கடைசி வரியாகவே இருக்கட்டும், தாழ்ப்பாள் போட்டவன் நான் என்று எழுதுங்கள்.