விக்கும் விளக்கு

போன கிழமை தெல்தெனியவிலிருந்து ஒரு பிள்ளை வீடியோ கெசட் ஒன்றைக் கொண்டுவந்தாள். பெட்டியைத் திறந்ததும் பூஞ்சண வாசம் குப்பென்று வந்தது. கண்டி ஈரம் லேசில் விடுமா? அதற்குப் பயந்துதான் அந்தக் காலத்தில் எங்கள் வீடியோ கடையில் கெசட் அலுமாரிக்குள் எந்நேரமும் ஒரு பல்பு எரியும். இந்த நாடாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. முழுக்க வெள்ளை பூத்திருந்தது.

"அம்மா அப்பா கல்யாண கெசட்டு, அங்கிள். அப்பா போயி ஆறு மாசமாச்சு. மொதல்ல பேரு போட்டு ஒரு வெளக்கு சுத்துமாமே, அதையாச்சும் பாக்கணும்கிறாங்க அம்மா."

சுற்றாமல் என்ன! கடுகண்ணாவையிலிருந்து தெல்தெனிய வரை கல்யாண வீடியோக்களில் சுற்றிய குத்துவிளக்கெல்லாம் இந்த ஐயாவின் கைவண்ணமாக்கும். அப்போது கடையில் இருந்த கம்ப்யூட்டருக்குப் பதினாறே நிறம். விளக்குத் தண்டு உருண்டையாக வராது, பட்டை பட்டையாகத்தான் வரும். தமிழ் எழுத்து ஏது? சதுரக் கொப்பியில் கட்டம் கட்டமாக வரைந்து நானே ஏற்றினேன். நீளமான பெயர் வைத்த மாப்பிள்ளைகளைக் கண்டாலே எனக்கு ஆகாது.

ஒரு குறை இருந்தது. முழுச் சுற்றுக்குப் பன்னிரண்டு படம் வேண்டும், மெஷினோ பதினொன்றுக்கு மேல் தாங்காது. அதனால் சுற்றுக்கு ஒரு தடவை விளக்கு வெடுக்கென்று குதிக்கும். கேட்டவர்களிடம் "கரண்டு ஏறி எறங்குது" என்று பழியை மின்சாரத்தின் தலையில் போட்டுவிடுவேன்.

நாடா இனி ஓடாது, விளக்கையாவது புதிதாகச் செய்து கொடுப்போம் என்று உட்கார்ந்தேன். இப்போதைய மென்பொருள் நிஜ விளக்கையே தோற்கடிக்கும். அதைப் பழசாக்குவதுதான் பெரும்பாடு. நிழலை அணைத்தேன், வழுவழுப்பை எடுத்தேன், நிறங்களைப் பதினாறாக வெட்டினேன், சின்னப் படமாகச் செய்து இழுத்துப் பெரிசாக்கினேன். மூன்று நாள் போனது. அசல் அதே விளக்கு! கையோடு அந்தப் பன்னிரண்டாவது படத்தையும் சேர்த்தேன். இத்தனை வருஷத்து வெட்கம் தீர்ந்தது பாருங்கள்.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு தெல்தெனியவுக்குப் போனேன். பிள்ளையின் அம்மா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பெயர் வந்ததும் சிரித்தார். விளக்கு ஒரு சுற்று சுற்றியது, இரண்டு சுற்று சுற்றியது. அவர் முகம் வாடிவிட்டது.

"இது நம்ம வெளக்கு இல்ல தம்பி. நம்மளது விக்குமே! ஒவ்வொரு தடவையும் அவரு, 'இந்தா விக்குது, தண்ணி குடு'ம்பாரு."

மடையன் நான். அங்கேயே உட்கார்ந்து பன்னிரண்டாவது படத்தைப் பிடுங்கினேன். விளக்கு குதித்தது.

"தண்ணி குடு!" என்றார் அந்த அக்கா. கண்ணில் நீர் வழிய வழிய, ஒவ்வொரு சுற்றுக்கும் சொன்னார்.

அந்த மெஷின் போயிற்று. கடை இருந்த இடத்தில் போன் கவர் விற்கிறார்கள். நாடாவும் போயிற்று, தண்ணி கேட்ட மனுஷனும் போய்விட்டார். விக்கல் மட்டும் என்னிடம் மிச்சம். அதை என்னைப்போலப் போட இந்த நாட்டில் வேறு ஆளில்லை.