துய்லோமாவின் காணாமல்போன வெள்ளிக்கிழமை

துய்லோமா அண்ணன் முன்பு பேருந்து ஓட்டியவர். ஓட்டும்போதே பாட்டைப் போட்டு, அதன் கதையையும் அளப்பார். கேட்டுக்கொண்டிருக்கும் ஜனம் இறங்கவேண்டிய இடத்தைக் கோட்டைவிடும். கடைசியில் எங்கள் சமோவாத் தீவின் ஆபியா நகர வானொலிக்காரர்கள் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். கருவிகளைப் பார்த்துக்கொள்ள வந்த எனக்கு, அவர் வாயை அடக்குவதே முழுநேர வேலையாகிவிட்டது.

காலையில் அவருடைய 'இசையில் இந்த நாள்' நிகழ்ச்சி. டிசம்பர் பதினேழு என்றால் பீத்தோவனுக்கு ஞானஸ்நானம் நடந்த நாள் என்பார். அதே மூச்சில், எங்கள் ஊர் தேவாலயத்து ஆர்மோனியம் மழையில் ஊறியதும் அன்றுதான் என்பார். இரண்டும் அவருக்குச் சரிசமம்.

டிசம்பர் முப்பது வந்தால் தலைகால் புரியாது. பாடகர் குழுப் போட்டியில் பக்கத்து ஊரை நாங்கள் ஒரே ஒருமுறை ஜெயித்த நாள் அது. தனியாகப் பாடியது அவர் மனைவி வாயோலா. வருடந்தோறும் அவள் பெயரை வானொலியில் சொல்வார். உடனே பக்கத்து ஊர்க் குழுத்தலைவர் மாலாகி போன் போடுவார்.

"நடுவருக்குப் பன்னி குடுத்து ஜெயிச்சதெல்லாம் ஒரு ஜெயிப்பாய்யா?"

நாங்கள் சிரித்துவிடுவோம். வாயோலா சிரிக்க மாட்டாள். "அப்ப நான் பாடினது ஒண்ணுமில்லையா?" என்று கேட்பாள். அவளுக்காகத்தான் அண்ணன் அதை விடாமல் வாசித்தார்.

2011இல் அரசாங்கம், ஆஸ்திரேலியாவோடு ஒரே நாள் வரட்டும் என்று, எங்கள் நாட்காட்டியை ஒரு நாள் முன்னே நகர்த்தியது. வியாழன் இருபத்தொன்பது முடிந்தால் நேரே சனி முப்பத்தொன்று. நடுவிலிருந்த வெள்ளி, அதாவது முப்பதாம் தேதி, கிடையவே கிடையாது.

"உன் வெற்றியக் கடல்ல போட்டுட்டாங்கடா!" என்று மாலாகி போனில் குதித்தார்.

"இல்லாத நாளை எப்படிய்யா வாசிப்ப?" என்று எங்கள் மேலாளரும் கையை விரித்துவிட்டார்.

"காத்துக்கிட்டு இருப்பாளே, அவளுக்கு நான் என்ன சொல்வேன்?" என்றார் அண்ணன். பாவமாக இருந்தது.

சனிக்கிழமை காலை சுரத்தே இல்லாமல் வாசித்துக்கொண்டிருந்தார். போன் வந்தது. மாலாகி! பக்கத்திலேயே அமெரிக்க சமோவாவில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிறிஸ்துமஸுக்குப் போயிருந்தார். அந்தத் தீவு நாட்காட்டியை மாற்றவில்லை. அழைப்பை அப்படியே ஒலிபரப்பில் விட்டேன்.

"யோவ், இங்க இன்னும் வெள்ளிக்கிழமைதான்யா, தேதி முப்பது. உன்னால முடியாது, நான் வாசிக்கிறேன் கேளு. இசையில் இந்த நாள். வாயோலா பாடினா, நாங்க தோத்தோம். பன்னியுமில்ல, கின்னியுமில்ல. அவ வாயைத் திறந்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

அண்ணன் சட்டை நுனியால் கண்ணைத் துடைத்தார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அதற்குள் இன்னொரு போன் அலறியது, அதையும் ஒலிபரப்பில் சேர்த்துவிட்டேன். வாயோலா.

"கொக்கோ பொங்கிடுச்சுன்னு அடுப்புக்கு ஓடிட்டேன், பாதிதான் கேட்டுச்சு. மறுபடி சொல்லச் சொல்லு!"

"ஒரு தடவை சொன்னதே பெரிசு தாயி" என்று முனகினார் மாலாகி.

"அங்க நாள் முடிய இன்னும் நேரமிருக்குல்ல? சொல்லுங்க!"

மாலாகி தொண்டையைச் செருமிக்கொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்தார்.