மாமரத்தில் ஏறிய வாத்தியார்

கே.கே. நகரில் என் மகன் வீட்டு மாடியில் ஒரு பூந்தொட்டி தொங்குகிறது. மண்ணே கிடையாது, கரித்துண்டுகள்தான். "ஆர்க்கிட் மாமா, பெங்களூர்ல வாங்குனது" என்றாள் மருமகள். பூவை யார் பார்த்தார்கள்? காற்றில் தொங்கிய அந்த வெளுத்த வேர்களைக் கண்டதுமே எனக்குக் காது சூடாகிவிட்டது.

யுத்தகாலம். வாத்தியார் வேலையும் புதிது, கல்யாணமும் புதிது. விஷக்காய்ச்சல் வந்துபோனதில் என் மனைவிக்கு மூட்டெல்லாம் பிடித்துக்கொண்டது. குத்தவைத்து உட்கார்ந்தால் எழ முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பிடிப்பாள்.

"ராஸ்னா வேர் வேணும்யா. மாமரத்துல தொத்தி வளரும், பூ கட்டம் கட்டமா இருக்கும். கொண்டாங்க, எண்ணெய் காய்ச்சித் தாரேன்" என்றார் வைத்தியர்.

ஊருக்கு வெளியே, கோச்சடைத் தோப்பு ஒன்றில், இதே மாதிரி வெளுத்த வேர்களோடு அது கண்ணில் பட்டது. கேட்டுவிட்டு ஏறியிருக்கலாம். ஆளைக் காணோம், ஏறிவிட்டேன். வேரைப் பிய்க்கும்போது முசுறு எறும்புகள் வேட்டிக்குள் புகுந்துவிட்டன. நான் உதறிய உதறலில் மாங்காய்கள் பொலபொலவென்று உதிர்ந்தன. அவ்வளவுதான்.

"எறங்குடா களவாணிப் பயலே!"

காவல்காரர் குரலுக்குத் தோப்பே கூடிவிட்டது. தோப்புக்காரர் முன்னால் வந்தார். அவர் மகன் என் வகுப்பில்தான் படித்தான்.

"அட, வாத்தியாரா? மாங்கானா கேட்டா குடுக்க மாட்டனா?"

"மாங்காய்க்கு இல்லைங்க. மருந்துக்கு..." என்று கையிலிருந்த செடியைத் தூக்கிக் காட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். வேட்டி வேறு கிழிந்திருந்தது.

மறுநாள் வகுப்பு நடக்கும்போது அதே காவல்காரர் கூடை நிறையப் பழத்தோடு வாசலில் நின்றார். "வாத்தியாருக்கு ரொம்ப ஆசையாம்ல, ஐயா குடுத்துவிட்டாரு." பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றேன். எழுத ஒன்றுமில்லை.

"எம்புட்டு நல்ல மனுசங்க!" என்று வீட்டில் அவள் ரசித்துத் தின்றாள். மரமேறி மாட்டிக்கொண்ட கதையை நான் மறைத்துவிட்டேன். எண்ணெயாலோ, தானாகவோ, மழைக்காலத்துக்குள் அவள் குடம் தூக்கி நடந்தாள்.

பல வருஷம் கழித்து, கோச்சடை வழியே பஸ்ஸில் போகும்போது அவள் மெல்லக் கேட்டாள்: "ஏங்க, ஒங்களைப் பிடிச்சு வச்சாங்களே, அந்தத் தோப்பு இங்கனதானே?"

கூடை வந்த அன்றைக்கே தெருவில் யாரோ சொல்லிவிட்டார்களாம். தெரிந்தேதான் தின்றிருக்கிறாள். என் முகம் போன போக்கைப் பார்த்து, என் கைமேல் கை வைத்துக்கொண்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன். அங்கே ஒரு மரம்கூட இல்லை. வரிசையாக வீடுகள்.

இப்போது அவளும் இல்லை.