நாலு விரல் இடைவெளி

கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். 1946 வைகாசியில் திருத்தணியில் நடந்தது இது. மெக்கானிக் கஜபதி மலைப்பக்கம் திரும்பிக் கும்பிட்டுவிட்டுச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

பட்டாளத்தார் ஏலம் விட்ட ஜீப்பின் எஞ்சினை வாங்கி, வீட்டுக் கொட்டகையிலேயே இரண்டு பேர் உட்காரும் பந்தயக் கார் ஒன்றைக் கட்டியிருந்தான் கஜபதி. வேகத்துக்குக் குறைவில்லை. ஆனால் ஏறி உட்கார்ந்தால் இடுப்பு கழன்றுவிடும். அரக்கோணம் வீரபத்திரனும் ஒரு கார் கட்டியிருந்தான். அது பள்ளத்தில் இறங்கினாலும் மடியில் வைத்த மோர் தளும்பாதாம். குலுக்கலைத் தாங்கும் வில்லுப் பட்டைகளை அவனே காய்ச்சி வளைத்தவன்.

இருவரும் ஒரே பட்டறையில் தொழில் கற்றவர்கள். அவனுக்கு மட்டும் எப்படிக் கைவந்தது? கஜபதிக்கு வயிறு எரிந்தது. சோறு இறங்கவில்லை. இருவரும் ஓட்டவிருந்த பந்தயத்துக்கு இன்னும் பத்தே நாள். திங்கட்கிழமை வீரபத்திரன் ஆர்.கே.பேட்டைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அவன் கிரீஸ் போடக் கழற்றி வைத்திருந்த பின்பக்கப் பட்டைக் கட்டுகள் இரண்டையும் தூக்கிவந்துவிட்டான்.

புதன்கிழமை மாட்டி முடித்தான். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல் வைத்துப் பார்த்தான். இரண்டு பக்கமும் நாலு விரல்.

"இனிமே ஊரு எவன் பேச்சைப் பேசுதுன்னு பாக்கறேன்" என்றான் மனைவி ஞானம்மாளிடம்.

மதியம் 12:10. சாப்பிட உட்கார்ந்தான்.

கிறீச்ச்...

"யாரோ வண்டியில குந்தறாங்க" என்றாள் ஞானம்மாள்.

ஓடிப் பார்த்தான். யாரும் இல்லை. ஆனால் கார் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. விரல் வைத்தான். இரண்டு விரல்தான் நுழைந்தது.

பட்டையில் கோளாறு என்று நினைத்தான். இடப்பக்கத்துப் பட்டையை வலப்பக்கமும், வலப்பக்கத்துப் பட்டையை இடப்பக்கமும் மாற்றி மாட்டினான். கோளாறு பட்டையில் என்றால் இப்போது வலப்பக்கம்தானே இறங்க வேண்டும்?

1:40. காரைக் கீழே இறக்கினான்.

கிறீச்ச்...

மறுபடியும் இடப்பக்கம். அதே இரண்டு விரல்.

இடப்பக்கத்து இருக்கை குழிந்திருந்தது. தொட்டான். சில்லென்று இருந்தது. வைகாசி வெயிலில்...

அவ்வளவுதான். பட்டைகளைக் கழற்றிக் கோணியில் சுற்றினான். அரக்கோணத்துக்கு ரயிலில் போனால் தெரிந்தவர் கண்ணில் படும். வண்டிக்காரன் சுப்பிரமணியின் மாட்டுவண்டியில் ஏற்றினான். வண்டியில் அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான். மணி 2:30.

4:05. பாதி வழி. சுப்பிரமணி திரும்பிப் பார்க்காமலே சொன்னான்.

"பின்பாரம் இழுக்குதுங்க. கூட வர்றவர கொஞ்சம் முன்னால வந்து குந்தச் சொல்லுங்க."

கஜபதி பின்னால் பார்க்கவில்லை.

அரக்கோணத்தில் வீரபத்திரன் வீட்டு வாசலில் கூட்டம். நடுவில் அவனைக் கிடத்தியிருந்தார்கள்.

கோணியைப் பார்த்ததும் அவன் மனைவி ரத்தினம்மாள் எழுந்து வந்தாள்.

"திருத்தணிக்கு வரணும்னுதாங்க வண்டிக்குப் பழைய பட்டையப் போட்டுகினு இருந்தாரு. அது ஒடிஞ்சு, வண்டி அவரு மேலயே விழுந்துடுச்சு. பன்னெண்டு பத்து ரயிலு அப்பதான் ஊதிச்சு..."

கோணியைத் தொட்டுப் பார்த்தாள்.

"'யாரு எடுத்தான்னு தெரியும். நானே போயி, கூடவே இருந்து எடுத்துகினு வரேன்'னு காலையில சொன்னாருங்க."