அந்தோனியாரின் ஆணி

அன்றைக்கு எங்கள் வீட்டில் நின்றவர்கள் ஆறு பேர்: அம்மா, அப்பா, பெரியப்பா, வயல் ஊரான முருங்கனிலிருந்து வந்து வயரிங் செய்த மாமா, மீற்றர் பூட்ட வந்த கரண்ட் கந்தோர் ஐயா, எட்டு வயதில் நான். இரண்டு தரம் எண்ணிப் பார்த்துத்தான் எழுதுகிறேன். சுவரில் தொங்கிய அந்தோனியாரையும் சேர்த்தால் ஏழு.

அவரை அங்கே ஏற்றியது நான். எங்கள் தீவில், ஓலைத்தொடுவாயில் எங்கள் புது வீட்டுக்குக் கரண்ட் வரப்போகுது என்று எல்லாருக்கும் சந்தோசம், எனக்கு மட்டும் பயம். கரண்ட் ஆளை இழுத்துப் பிடிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். முதல்நாள் பின்னேரம் ஒருவரும் இல்லாத நேரம், மீற்றர்ப் பலகைக்குக் கீழே அந்தோனியார் படத்தைக் காவலுக்கு மாட்டினேன். விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில், அப்பா வள்ளத்துக்கு வைத்திருந்த நீள ஆணியாகப் பார்த்து அடித்தேன். அப்பாதான் மாட்டினார் என்று அம்மா நினைத்தா, அம்மா என்று அப்பா நினைத்தார். அன்றிரவு செபம் முடிய, அம்மா படத்தின் அலுமினியச் சட்டத்தைத் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டா.

மறுநாள் ஐயா மீற்றரைப் பூட்டி மெயினைப் போட்டார். கரண்ட் கசிந்தால் தானாக விழுகிற ட்ரிப் சுவிச் டக்கென்று விழுந்தது. தூக்கிவிட்டார். திரும்பவும் விழுந்தது.

பெரியப்பா கதிரையை விட்டு எழும்பாமலே சொன்னார்: "வயலுக்குத் தண்ணி கட்டிற ஊர் ஆக்கள் கரண்ட் கட்டினால் உப்பிடித்தான். அந்தச் சுவிச்சைக் கழட்டிப்போட்டு நேரே குடும்."

"குடுக்கலாம் அத்தான்," என்றார் மாமா. "பிறகு முதல் லைற்றை நீங்கள்தான் போட்டுப் பாக்க வேணும்."

பெரியப்பா கையை மடிக்குள் வைத்துக்கொண்டார். மாமாவுக்கோ வேர்த்து ஒழுகியது. வயரிங் சரியென்று கையெழுத்து வைத்தவர் அவர். அது பிழைத்தால் தீவுக்குள் இனி ஆர் அவரைக் கூப்பிடுவார்கள்?

மாமா ஒவ்வொரு லைனாகக் கழற்றிப் பார்த்ததில் விறாந்தை லைனில்தான் கோளாறு. மெயினை நிற்பாட்டிவிட்டு, சுவருக்குள் வயர் போன வழியை விரலால் தடவிக்கொண்டு வந்தவர், படத்தடியில் நின்றார். படத்தை இறக்கி ஆணியைப் பிடுங்கினார். நுனியில் வயரின் செம்பு மினுங்கியது. பூச்சு ஈரம் காயாத சுவருக்குள்ளால் கரண்ட் கசிந்திருக்கிறது.

அப்பா அம்மாவைப் பார்த்தார், அம்மா அப்பாவைப் பார்த்தா. மாமா என்னைப் பார்த்தார். நான் கால்விரல்களை எண்ணிக்கொண்டு நின்றேன்.

"நான்தான் ஐயா," என்றார் மாமா. "கரண்ட் வரமுதல் ஒரு படம் இருக்கட்டும் எண்டு அடிச்சனான்."

ஐயா சிரித்தபடி வீட்டுக்கு வந்த மெயின் லைனைக் கழற்றினார். வயரை மாற்றிப்போட்டு, தான் திரும்ப வரக் காசு கட்டச் சொன்னார். மாமா கட்டினார். அடுத்த கிழமை லைற் எரிந்தது. அந்தோனியார் எதிர்ச் சுவருக்குப் போனார், குட்டி ஆணியில். வயர் புதைத்தவனே அதில் ஆணி அடித்த கதையைப் பெரியப்பா இன்றைக்கும் கலியாண வீடுகளில் சொல்லுகிறார். மாமாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

அடி விழவில்லை என்பது மட்டும்தான் எனக்கு அன்று விளங்கியது. பெரியப்பா சொன்னபடி நேரே கொடுத்திருந்தால், அன்றிரவும் செபம் முடிய அம்மாவின் கை, ஆணி வழியாகக் கரண்ட் ஏறிய அந்தச் சட்டத்துக்குத்தானே போயிருக்கும். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். ஆனாலும் மாதம் ஒருக்கால் ட்ரிப் சுவிச்சின் சோதனைப் பொத்தானை அமத்தி, அது விழுகிறதைப் பார்த்தால்தான் எனக்கு நித்திரை.

மாமா கட்டிய அந்தக் காசை நான் இன்னும் கொடுக்கவில்லை. கொடுக்கப் போனால் ஏனென்று சொல்ல வேண்டிவரும். ஆயிரத்து ஐந்நூறு ரூபா.