யோகலிங்கம் கிளாக்கரின் பூந்தோட்டப் பயணம்

திருகோணமலையில் திட்டம் போடுவதற்கென்றே பிறந்த ஒரு மனிசன் இருந்தார். பெயர் யோகலிங்கம். வயது ஐம்பத்தொன்று. மீனவர் சங்கமொன்றில் கிளாக்கர். தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு, யுத்தகாலம், கடலுக்குப் போகவே ஆயிரம் கட்டுப்பாடு. சங்கத்துக்கு வருகிற மீனை ஒரு பூனை இருந்த இடத்திலேயே தின்று முடித்துவிடும். ஆனாலும் யோகலிங்கத்தின் மேசையில் கோப்புகள் மட்டும் குறையவில்லை. மீனில்லாத சங்கத்துக்கு இவ்வளவு கடதாசி எதற்கு என்று கேட்டால், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டுக்கொள்வார். அதுதான் பதில்.

அந்த ஆவணியில் கண்டியில் கூட்டுறவுக் கிளாக்கர்மாருக்கு ஒரு மாநாடு வந்தது. அதில் இவருக்கு வேலையொன்றும் கிடையாது. மூன்றாம் வரிசையில் இருந்து மற்றவர்கள் தட்டும்போது தானும் கைதட்ட வேண்டும், அவ்வளவுதான். மாநாடு திங்கட்கிழமை. கடிதத்தைக் கண்டதுமே மனிசனுடைய மண்டைக்குள் ஒரு பூச்சி புகுந்துகொண்டது. சனிக்கிழமையே வெளிக்கிட்டு, பேராதனையில் தங்கி, ஞாயிறு பூந்தோட்டம் பார்த்து, திங்கள் மாநாட்டுக்குப் போனால் என்ன? பூரணியையும் கூட்டிக்கொண்டு.

பூரணி அவருடைய பெண்சாதி. கலியாணம் முடித்த கிழமையே மாமியாருக்குப் பாரிசவாதம். அந்த மனுசி கண்மூடும்வரை பத்து வருசம் பூரணிதான் பார்த்தாள். இடையில் கலவரம், பிறகு அகதிமுகாம், பிறகு கூரையில்லாத வீட்டுக்குத் திரும்பி வந்தது. இருபத்திரண்டு வருசத்தில் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எங்கையாவது ஒரு நாள், நாங்கள் ரெண்டுபேரும் மட்டும்." அதைக்கூட ஒருமுறைதான் கேட்டாள், அதுவும் மீன் வெட்டிக்கொண்டு. யோகலிங்கம் அப்போதும் கண்ணாடியைத் துடைத்தார்.

இப்போது எழுதுவதற்கு ஒரு கொப்பி வாங்கினார். மூன்று கிழமையாகத் திட்டம் போட்டார். இரண்டு நாள் பயணத்துக்கு மூன்று கிழமைத் திட்டம்! ஓடாத பஸ்களின் நேரமெல்லாம் எழுதி, சிவப்புப் பேனையால் கீழ்க்கோடு இழுத்தார். ஞாயிற்றுக்கிழமைப் பக்கம் இப்படி இருந்தது:

10.40 – 10.55 மூங்கில் பார்த்தல்.
10.55 – 11.20 ஓர்க்கிட் வீடு.
11.20 – 11.30 வாங்கில் குந்தியிருந்து பூரணியும் நானும் கதைத்தல்.

பெண்சாதியோடு கதைக்க நேரசூசி போட்ட ஆம்பிளையை நீங்கள் எங்கேயாவது கண்டதுண்டா? அதுவும் பத்தே பத்து நிமிசம்! மூங்கிலுக்குப் பதினைந்து.

கண்டியில் தங்க வேண்டுமென்றால், சாவடிகளில் காட்ட, ஊர்ப் பொறுப்பு அதிகாரியான விதானையாரின் கடிதம் வேண்டும். விதானையார் இராசதுரை பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"உமக்கு மாநாட்டுக் கடிதம் இருக்கு. மனிசி என்னத்துக்குப் போறா?"

"சும்மா… பாக்க."

"சும்மாவோ? ஐசே, இந்தக் காலத்தில சும்மா போறதுக்கு ஆர் கடிதம் தாறது? கலியாணம், சாவு, வருத்தம், கந்தோர் அலுவல். இந்த நாலுக்கும்தான் நான் எழுதுவன். எது வேணும், சொல்லும்."

யோகலிங்கம் யோசித்தார். "வருத்தம் எண்டு போடுங்கோ."

"என்ன வருத்தம்?"

பல்லுக்கொதி என்று சொல்லியிருக்கலாம். கண் மங்கல் என்றிருக்கலாம். பெரிய மூளைசாலி அல்லவா, கடிதம் கனமாக இருக்கட்டுமென்று நினைத்து, "இருதயம்" என்றார்.

"அட கடவுளே! இருதயக்காரி தனியப் போக ஏலாதே. நீர் மாநாட்டில குந்திக்கொண்டிருப்பீர். உதவிக்கு ஒராளையும் போடுறன். உம்மட அக்கா தங்கரத்தினத்தைப் போடட்டோ?"

வேண்டாம் என்று ஒரு சொல் சொல்ல வேண்டும். இவர் கண்ணாடியைத் துடைத்தார். விதானையார் எழுதி, முத்திரை குத்தி, கையில் கொடுத்துவிட்டார்.

பின்னேரத்துக்குள் தெரு முழுக்கக் கதை பரவிவிட்டது. பக்கத்து வீட்டு றுக்கியா மீன் சூப்போடு ஓடிவந்தாள்.

"பூரணி, உனக்கு இருதயமாமே!"

"அது எல்லாருக்கும் இருக்குத்தானே ராத்தா," என்றாள் பூரணி, தேங்காய் துருவிக்கொண்டே.

"பகிடி விடாதடி. அந்தத் துருவலைய இஞ்ச தா."

சூப்பைக் குடித்து முடிக்குமுன் தங்கரத்தினம் வந்து இறங்கினா. கையில் சுடுதண்ணீர்ப் போத்தல், பாய், கோயில் திருநீறு.

"தம்பி, நான் இருக்கேக்க நீ ஏன் யோசிக்கிறாய்? இவளை நான் இராப்பகலாப் பாப்பன். ஒரு நிமிசம் விட்டு விலகமாட்டன்."

பூரணி புருசனைப் பார்த்தாள். திட்டக்காரர் வளவுக்குள் போய் நின்று தென்னையை எண்ணினார். மூன்று தென்னைதான் இருந்தது. அதை எண்ண அரை மணித்தியாலம் எடுத்தார்.

சனிக்கிழமை காலை மூன்று பேரும் பஸ் ஏறினார்கள். கந்தளாய்க்கு அங்கால் சோதனைச்சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். ஆமிக்காரன் ஒருவன் விதானையாரின் கடிதத்தைத் தமிழ் தெரிந்த இன்னொருவனிடம் காட்டிக் கேட்டுவிட்டு, யோகலிங்கத்திடம் திரும்பினான்.

"இந்த நோனா வருத்தம். இந்த நோனா உதவி. சரி, போங்க. நீங்க?"

"மாநாடு…"

"மாநாடு திங்கள். இன்னிக்கி சனி. ஏன் இன்னிக்கி போறது?"

நான் அவளுடைய புருசன், நாங்கள் பூப்பார்க்கப் போகிறோம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அப்படிச் சொன்னால் இருதயம் பொய்யாகிவிடும், பூரணியையும் மறித்துவிடுவார்கள். மூன்று கிழமை மண்டையைக் கசக்கிய மனிசனுக்கு, தன்னுடைய மாநாட்டுக் கடிதத்தில் திங்கட்கிழமை மட்டும்தான் போட்டிருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

"திரும்பிப் போங்க. திங்கள் வாங்க."

பஸ்ஸுக்குள் ஏறியிருந்த பூரணி எழும்பினாள். "நானும் இறங்கிறன். நீங்கள் இல்லாமல் என்னத்துக்கு?"

யோகலிங்கம் யன்னலடிக்கு ஓடினார். வாழ்க்கையில் முதன்முறையாகக் கண்ணாடியைத் துடைக்க மறந்துவிட்டார்.

"இறங்காத. நீ போ. இந்தா, எல்லாம் இதில எழுதிக்கிடக்கு." கொப்பியை யன்னலுக்குள்ளால் திணித்தார். பஸ் புறப்பட்டது. புழுதிக்குள் நின்று கை காட்டினார். ஆமிக்காரன்கூடச் சிரித்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் இருக்கவில்லை. கொப்பி கையில் இல்லாவிட்டாலும் எல்லாம் மனப்பாடம். பதினொன்று இருபதுக்கு இறங்குதுறைக்குப் போய், மூதூருக்குப் போகும் லோஞ்சுப் படகுக்குக் காத்திருந்த சனத்துக்கு நடுவில் ஒரு வாங்கில் குந்தினார். பக்கத்தில் ஒராள் இருக்க இடம் விட்டார். ஒரு வெற்றிலைக்காரன் அதில் இருக்கப் போக, "ஆள் வருது" என்றார். பதினொன்று முப்பதுக்கு எழும்பி வீட்டுக்குப் போனார். விசர், பைத்தியந்தான், வேறென்ன.

திங்கட்கிழமை இருட்டோடு பஸ் ஏறி, அதே சாவடியைத் தாண்டி, கண்டிக்குப் போனார். பாதிக் கூட்டம் முடிந்திருந்தது. மிச்சத்துக்குக் கைதட்டினார். பின்னேரம் பஸ் நிலையத்தில் இரண்டு பெண்களும் நின்றார்கள். தங்கரத்தினம் பொரிந்து தள்ளினா.

"உன்ர பெண்சாதிக்கு இருதயமில்லை, விசர்! ஒரு மூங்கில் பத்தைக்கு முன்னால பதினைஞ்சு நிமிசம் மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு நிக்கிறாள். எனக்குக் கால் கடுத்துப்போச்சு. ஆஸ்பத்திரிக்குப் போவம் எண்டா வரமாட்டாளாம்."

"எழுதினபடிதானே செய்தனான்," என்றாள் பூரணி.

பஸ்ஸில் அக்காவை முன் ஆசனத்தில் இருத்தினாள். மாத்தளை தாண்டுமுன் அக்கா குறட்டை. பூரணி பையிலிருந்து கொப்பியை எடுத்து, ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தைப் பிரித்து, புருசனுடைய மடியில் வைத்தாள். எல்லா வரிக்கும் சரி போட்டிருந்தது. ஒரு வரிக்கு மட்டும் இல்லை.

"இது மிச்சம் கிடக்கு," என்றாள்.

யோகலிங்கம் மணிக்கூட்டைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். இருபத்திரண்டு வருசத்துக்குப் பிறகு கிடைத்த பத்து நிமிசம். அந்தப் பெருமகன் என்ன கதைத்தார் தெரியுமா? மாநாட்டில் தந்த வடையைப் பற்றிக் கதைத்தார். எண்ணெய் கூடவாம். உள்ளுக்கு வேகவில்லையாம். தலைவர் மூன்று எடுத்தாராம்.

பூரணி சிரித்தாள். "மூண்டோ?" என்று கேட்டாள்.

திருகோணமலைக்குக் கிட்ட, கப்பல்துறைச் சாவடியில் திரும்பவும் எல்லோரையும் இறக்கி வரிசையில் நடக்கவிட்டார்கள். அப்போதும் அவர் வடையை விடவில்லை. அவளும் அவருடைய கையிலிருந்த மணிக்கூட்டைப் பார்க்கவில்லை.